கம்பி விலகிய பின்

பகலெல்லாம் துல்மா உட்கார்ந்திருக்கிறாள்
நகரம் அவளைக் கடந்துபோகிறது.
இரவு எட்டு மணிக்கு ஓடுகிறாள்
எதிரே ஒரு சுவர்,
அசையாமல்.
அதில் ஒரு தாள்:
பிறர் துண்டை எடுக்காதீர்கள்.

உலான்பாத்தரில் ஜனவரி.
உறைநிலைக்குக் கீழே முப்பத்திரண்டு.
மேட்டுக் குடியிருப்புகளின் நிலக்கரிப் புகை இறங்கிவந்து
எதிர்ப்படும் பஸ்ஸின் எண்ணைத் தின்றுவிடும்.
வெளியே ஓடுவதும்
புகைபோக்கிக்குள் தலையை விட்டு மூச்சிழுப்பதும் ஒன்றுதான்.
ஆகவே டயர்க் கடைக்கு அடியில் ஒரு நிலவறை ஜிம்,
இடமிருந்து இரண்டாவது டிரெட்மில்.

அதன் பட்டையில் ஒரு தையல் இருக்கிறது.
சுற்றுக்கு ஒருமுறை தொப் என்னும்.
தொப்புகளை எண்ணித்தான் அவள் தூரம் பழகினாள்.
திரையில் ஒளிரும் எண்ணை நம்பவில்லை,
டிப்போ கடிகாரத்தையே நம்பாதவள்.

பத்தொன்பது வருஷமாக டிராலிபஸ்.
மேயில் ஒரு ஞாயிறு சாலை மூடப்படும்,
பஸ் கிடையாது, பந்தயம் என்று
கண்ணாடியில் ஒட்டச் சொல்லி ஒரு காகிதம் கொடுத்தார்கள்.
ஒட்டினாள்.
ஒட்டிய கையோடு பெயரும் கொடுத்தாள்.
ஏனென்று கேட்ட டிப்போக்காரனிடம்
அன்றைக்கு எனக்கு வேலை இல்லையே என்றாள்.

ஓட்டுபவளுக்கும் ஓடுபவளுக்கும் இடையில்
ஒரேயொரு மெய் அதிகம்.
அதைக் குறைக்க ஐந்து மாதம்.

முழங்கால் முறைத்த நாட்களில் சைக்கிள்:
முந்தையவன் உயரத்துக்கே இருக்கை எப்போதும்.
படிக்கட்டு எந்திரத்தில் அறுபது மாடி ஏறி இறங்கிப் பார்த்தால்
அதே நிலவறை.
நீள்வட்ட எந்திரம் மட்டும் பிடிக்கவே இல்லை.
நடையுமில்லை நீச்சலுமில்லை,
யாரோ கனவில் நடப்பதைக்
கடன் வாங்கியதுபோல.

ஒரு சதவீதம் ஏற்றம் வை அக்கா,
இங்கே காற்று இல்லையல்லவா, அதற்கு ஈடு
என்றான் சாவி வைத்திருக்கும் தெமூலென்.
வைத்தாள்.
இல்லாத காற்றுக்கு
நாள்தோறும் தவணை கட்டினாள்.

சட்டை நுனியில் மாட்டும் சிவப்புக் கயிறுதான்
அவளுக்கு உடனே விளங்கியது.
கயிறு பிடுங்கிக்கொண்டால் பட்டை நின்றுவிடும்.
பஸ்ஸும் அப்படியே:
கூரைமேல் இரண்டு கொம்புகள்,
கம்பியை விட்டு நழுவினால் நடுச்சாலையில் மௌனம்.
இறங்கி, கையுறையோடு கயிற்றை இழுத்து
வானத்தில் அந்த இடத்தைத் தேடிக் கோக்க வேண்டும்,
பின்னால் ஹாரன்கள் திட்டத் திட்ட.

மே.
அவளுடைய தடத்திலேயே பந்தயம்.
தலைக்கு மேல் அதே கம்பிகள், சும்மா.

முதல் நிறுத்தத்தில் கால் தானாகத் தயங்கியது.
ஜனங்கள் நின்றார்கள், கைதட்டினார்கள்,
யாரையும் ஏற்றிக்கொள்ள வழியில்லை.
மன்னியுங்கள் என்று முணுமுணுத்தபடி கடந்தாள்.
அடுத்த நிறுத்தத்திலும் மன்னிப்புக் கேட்டாள்.
மூன்றாவதில் மூச்சில்லை.

தொப் இல்லை.
எண்ண ஏதுமில்லை.
ஆறாவது கிலோமீட்டரில் புழுதியோடு வந்தது வசந்தக் காற்று.
கட்டிய தவணைகளையெல்லாம் அது
கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.
தொடைகள் கல்லாயின.
கை நெஞ்சுக்குப் போய்க் கயிற்றைத் தேடியது.
இல்லை.
கொம்பு நழுவிவிட்டது,
இறங்கிச் சரிசெய்ய வேண்டும் என்று நினைத்தாள்.
எதிலிருந்து இறங்குவது?
அதை யோசித்துக்கொண்டிருக்கையிலேயே
இன்னும் இருநூறு அடி ஓடியிருந்தாள்.

ஒரு மணி இருபத்தாறு நிமிடம்.
பதக்கத்தின் நாடா கழுத்தை அரித்தது.

திங்கட்கிழமை.
பிரேக்கை அழுத்தும் ஒவ்வொரு முறையும்
தொடை அவளை வைதது.
சந்தைக்கும் பாலத்துக்கும் இடையே
சாலை லேசாக ஏறுகிறது.
நேற்றுதான் தெரியும்.
பத்தொன்பது வருஷத்தில் மோட்டார்
ஒரு வார்த்தை சொன்னதில்லை.
அந்த இடம் வந்ததும்
இருக்கையில் சற்று முன்னால் சாய்ந்துகொண்டாள்,
பஸ்ஸுக்கு உதவியாக.